ஏழாம் குழியின் அடிமண்

எய்யா,

நான்கு நாளாக நான் போன் பண்ணினால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "எம்மா, வேலையா இருக்கேன், பெறவு பேசுதேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் இந்தக் காகிதம். சின்ன வயதில் வடை பொதிந்து வந்த பேப்பரைக்கூட எண்ணெய்க் கறையோடு கடைசி வரி வரை படிக்கிற பிள்ளை நீ. அந்தப் பழக்கம் உன்னை விட்டிருக்காது என்ற தைரியத்தில் எழுதுகிறேன். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடன்குடிக்கு அப்பால், அந்த மேய்ச்சல் தரையில், நீ கட்டியிருக்கிற கழிவுநீர்க் குளத்துக்கு அடியில் தரை உறுதியாக இல்லை. அது உள்ளே இறங்கப் போகிறது. இன்றைக்கா, அடுத்த மழையிலா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. குளத்தின் கீழ்க்கரையை ஒட்டிய தகர ஷெட்டில் உன் ஆட்கள் ஆறு பேர் படுத்து எழும்புகிறார்கள். வாரத்தில் பாதி நாள் நீயும் அங்கேதான் படுக்கிறாய். அந்த மண்ணைப் பற்றிச் சர்க்காருக்கு எழுதிக் கொடுத்தவள் நான். அதில் ஒரு பகுதி பொய் என்பதை இத்தனை வருஷம் கழித்து உன்னிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் வேலை என்ன என்று நீ ஒருநாளும் சரியாகக் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் "எங்கம்மா மண்ணு ஆபீஸ்ல வேல பாக்காங்க" என்பாய், பையன்கள் சிரிப்பார்கள், நீ வீட்டுக்கு வந்து என்மேல் எரிந்து விழுவாய். அந்த மண்ணு ஆபீஸில் நாங்கள் செய்தது இதுதான். ஒரு தரையை எடுத்துக்கொண்டு அதில் இடம் பார்த்துக் குழி வெட்டச் சொல்வோம். ஆள் நிற்கிற ஆழம், ஐந்தடி. உள்ளே இறங்கி, வெயில் படுகிற பக்கத்துச் சுவரைக் கத்தியால் சீவி, அடுக்கு அடுக்காகப் பிரிப்போம். ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு சிட்டிகை எடுத்து நிறப் புத்தகத்தில் ஒட்டியிருக்கிற சில்லுகளோடு ஒத்துப் பார்ப்போம். தண்ணீர் விட்டுப் பிசைந்து உருண்டை நிற்கிறதா, கட்டைவிரலால் தள்ளினால் நாடாவாக வருகிறதா என்று பார்ப்போம். வேர் எதுவரை போகிறது, கல் உண்டா, ஈரம் உண்டா என்று எழுதுவோம். கடைசியாக ஒரு சின்ன பாட்டிலில் இருந்து ஒரு சொட்டு அமிலம். சுண்ணாம்பு இருந்தால் மண் பொங்கும், இல்லாவிட்டால் சும்மா நனையும். குழியின் அடியில் இருந்து மண் துளைக்கும் ஆகரை இறக்கி இன்னும் ஐந்தடி போய், அங்கேயும் இதையெல்லாம் பார்க்க வேண்டும். அந்தக் கடைசி ஐந்தடிதான் சீக்கிரம் வீட்டுக்குப் போக விடாது. கை காய்த்துப்போகும், இடுப்பு கழன்றுபோகும்.

அந்த மேய்ச்சல் தரையில் நாங்கள் ஒன்பது குழி எடுத்தோம். தேரிச் செம்மணல் உனக்குத் தெரியும். சிவந்து, பொலபொலவென்று, காற்றடித்தால் கண்ணுக்குள் வந்து விழும். உடைமரமும் ஊசிப்புல்லும் தவிர வேறொன்றும் அதில் பிடித்து நிற்காது. ஆடு மேய்க்கிறவர்களுக்கு அதுவே போதும். ஏழாவது குழிக்கு நான் இடம் காட்டியபோது, அங்கே ஆடு விட்டிருந்த சுடலை என்கிற பெரியவர் தொரட்டியை ஊன்றிக்கொண்டு வந்து நின்றார். அந்தப் பக்கத்தில் சேலை கட்டிப் பேனா வைத்திருந்தால் டீச்சர்தான். "டீச்சரம்மா, இங்கனயா வெட்டப் போறீய? இந்தப் பள்ளத்துல நாங்க ஆட்ட விடமாட்டோம்" என்றார். ஏன் என்று கேட்டேன். "மழ பெஞ்சா தண்ணி நிக்காது. வட்டமா சுத்திக்கிட்டே உள்ள போவுது. எங்க போவுதுன்னு தெரியல. சத்தம் மட்டும் கேக்கும், கொடத்துல தண்ணி மோக்குத மாதிரி" என்றார். நான் சிரித்துக்கொண்டே, வடிகால் நன்றாக இருக்கிறது என்று எழுதினேன். அவர் சொன்ன சத்தத்தை எழுத எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது, எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

அன்றைக்கு உனக்கு எட்டு மாதம். பக்கத்து வீட்டு ரோசாரி அக்காவிடம் விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் போயிருந்தேன். மத்தியானத்துக்கு மேல் பால் கட்டி, ரவிக்கை நனைந்து, குழிக்குள் நிற்கிறபோது வெட்டுகிற ஆண்கள் மேலே நின்று எட்டிப் பார்த்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூன்று மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறுக்குத்தான். ஐந்தடிச் சுவரை ஒழுங்காக எழுதினேன், அதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. ஆகரை வெளியே எடுக்கவேயில்லை. ஐந்து முதல் பத்தடி வரைக்கான வரிசையில் நிறம், பதம், ஈரம், சுண்ணாம்பு என்று எல்லாக் கட்டத்திலும் "மேற்படி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதல் ஆறு குழியிலும் அப்படித்தானே இருந்தது, இது மட்டும் வேறாகவா இருந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். பஸ்ஸைப் பிடித்து வந்து உன்னைத் தூக்கினபோது நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். உன்மேல் பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. உன்னிடம் ஓடி வந்த ஒரு பொம்பளை செய்த தப்பு என்று தெரிந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்வாய் என்ற ஆசையில் சொல்கிறேன்.

ஆழமான, நல்ல வடிகால் உள்ள, சுண்ணாம்பு இல்லாத செம்மணல், மேய்ச்சலுக்கு உகந்தது என்று அந்தத் தரையை வகைப்படுத்தி அறிக்கை அச்சாகி வந்தது. முதல் பக்கத்தில் என் பெயர். உன் அப்பா துறைமுகத்தில் கூட வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டினார். அதோடு முடிந்திருந்தால் அறியாத தப்பு என்றாவது சொல்லிக்கொள்வேன். இரண்டு வருஷம் கழித்து, ஒரு பெருமழை விட்ட மறுவாரம், வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். நாங்கள் மூடியதில் மற்ற எட்டுக் குழியும் இடம் தெரியாமல் புல் மூடிக் கிடந்தன. ஏழாவது மட்டும் ஆள் உயரத்துக்கு உள்வாங்கியிருந்தது. விளிம்பில் நின்று பார்த்தேன். உள்ளே அடியில் சிவப்பு இல்லை, வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பையில் அமில பாட்டில் இருந்தது, எய்யா. இறங்கி ஒரு சொட்டு விட்டிருந்தால் போதும். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்த மாதம் அது. கூட வந்த இரண்டு பேரிடம் பனையோலையை வெட்டிப் போட்டு மணலைத் தள்ளி மூடச் சொன்னேன். "ஆடு மாடு விழுந்துரும்லா" என்று காரணமும் சொன்னேன். அவர்கள் என்னை நல்ல மனசுக்காரி என்று நினைத்திருப்பார்கள்.

இதை எழுதும்போது இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. உனக்கு ஆறு வயது. சோதனைக்கு அனுப்ப நான் வீட்டில் அடுக்கி வைத்திருந்த மண் பைகளின் சீட்டுகளை எல்லாம் கழற்றி மாற்றி மாற்றிக் கட்டிவிட்டாய். யார் செய்தது என்று நான் கத்தினதும் ஓடி வந்து "நான்தாம்மா" என்றாய். விறகுக்கட்டையால் அடித்தேன். ரோசாரி அக்கா வந்து பிடுங்கினாள். "ஏளா, பிள்ள உண்மையச் சொன்னதுக்கா அடிக்க?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு எது உடைந்தாலும் நீயாக வந்து சொன்னதில்லை. கேட்டால் கண்ணைப் பார்த்து இல்லை என்பாய். கெட்டிக்காரப் பிள்ளை என்று நான் விட்டுவிட்டேன். உனக்குப் பொய் சொல்லக் கற்றுக் கொடுத்தது ஊரும் இல்லை, உன் கம்பெனியும் இல்லை. என் கைதான்.

இந்த வருஷத் தொடக்கத்தில் நீ அந்த அறிக்கையைப் படம் எடுத்து அனுப்பினாய். "எம்மா, உம் பேரு இருக்கு பாரு! ஒன் ரிப்போர்ட்தான் எங்களுக்குக் கைகொடுத்துச்சு" என்று போனில் துள்ளினாய். துறைமுகத்துக்கு வேண்டிய இரும்புக் குழாய்களை அமிலத்தில் கழுவிப் பூச்சுப் பூசுகிற உன் கம்பெனி, கழுவின தண்ணீரை நிறுத்தி வெயிலில் காயவைக்க இடம் தேடியது, அமிலம் சுண்ணாம்பைக் கரைத்துவிடும் என்பதால் சுண்ணாம்பு இல்லாத ஆழமான மண் வேண்டும் என்று கேட்டது, என் அறிக்கையில் அது அப்படியே இருந்தது. குளத்துக்கு நீ ஏழாம் குழி இருந்த இடத்தைத்தான் காட்டுகிறாய் என்று, கூடவே அனுப்பின வரைபடத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நீ அவ்வளவு சந்தோஷமாக இருந்தாய், மருமகள் ஜெனி உண்டாகியிருக்கிறாள் என்றும் அதே போனில் சொன்னாய். அடியில் கனமான பிளாஸ்டிக் விரிக்கப் போகிறோம் என்றாய், அதைப் பிடித்துக்கொண்டு நானும் மனசைத் தேற்றிக்கொண்டேன். நான்கு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் பெயர் அச்சில் இருக்கிற ஒரே இடம் அது என்பதும் ஒரு காரணம். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நிஜம்.

போன செவ்வாய்க்கிழமை பொறுக்கவில்லை. பரணில் இருந்து பழைய ஆகரை இறக்கி, ஒரு துண்டு பிவிசி குழாயும், அமில பாட்டிலும், புளிப்புப் பார்க்கிற லிட்மஸ் தாளும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். "என்ன பாட்டி, போர் போடப் போறீயளா?" என்று கண்டக்டர் கேட்டான். பாட்டியாம். அவனுக்கு முன்தலையில் ஒரு முடிகூட இல்லை. உன் வேலியை ஒட்டி உள்பக்கமாக, கீழ்க்கரையில் இருந்து இருபது தப்படி தள்ளி, குழாயைச் செருகி அதற்குள் ஆகரைத் திருகினேன். காய்ந்த தேரி மணல் சரிந்து துளையை மூடிவிடும், குழாய் இருந்தால் சரியாது. தை மாதத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் ஒரு சொட்டு மழை இல்லை. முதல் நான்கடி மணல் வறுத்தெடுத்த மாதிரி சூடாக, உதிரியாக வந்தது. ஐந்தாவது அடியில் குளிர்ந்தது. ஆறாவது அடியில் கையில் பிடித்ததும் உருண்டை நின்றது, விரல் இடுக்கில் தண்ணீர் கசிந்தது. துருவின் புளித்த வாடை அடித்தது. தாளை வைத்தேன், ரத்தச் சிவப்பாக மாறியது. தேரி மண்ணை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், ஒரு தடவைகூட அப்படி மாறியதில்லை.

மறுபடியும் திருகினேன். ஏழடி தாண்டினதும் ஆகரின் வாயில் வெள்ளை வந்தது. சுக்கான்கல் என்பார்களே, இறுகிப்போன சுண்ணாம்பு. இரும்பால் இடித்தாலும் அசையாத கல். அது கட்டித்தயிர் மாதிரிக் குழைந்து வந்தது. ஒரு சொட்டு விட்டதும் கையிலேயே பொங்கியது. இன்னும் ஒரு சுற்றுத் திருகலாம் என்று அழுத்தினேன். ஆகர் என் பிடியை விட்டு ஒரு முழம் தானாகக் கீழே போயிற்று. எதிலும் இடிக்கவில்லை. கைப்பிடி குழாயின் வாயில் மாட்டிக்கொண்டதால் நின்றது. குனிந்து காதை வைத்தேன். கீழே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. சுடலை சொன்னது பொய்யில்லை. மழையே பெய்யாத வைகாசியில், ஆடுகள் தள்ளி நின்று மேய்ந்துகொண்டிருக்க, எனக்குக் காலடித் தரையில் நிற்கவே பயமாக இருந்தது, எய்யா. மெதுவாக, பாதத்தை அழுத்தாமல் நடந்து வெளியே வந்தேன்.

வேலிக்கு வெளியே வந்ததும் உனக்குத்தான் முதலில் போன் பண்ணினேன். எங்கே இருக்கிறேன் என்று சொல்லவில்லை. "குளத்துல தண்ணி விட்டாச்சா?" என்று மட்டும் கேட்டேன். "இல்லம்மா, இன்னும் விடல. கம்பெனி ஆளுக வந்து பாத்த பெறவுதான்" என்றாய். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. என் உள்ளங்கையில் அந்த ஈர மண் இருந்தது. விட்டு ஒரு மாதமாவது ஆகியிருக்க வேண்டும், விரிப்பும் எங்கேயோ கிழிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறடியில் அப்படி நனையாது. அதைச் சொன்னேன், வெள்ளையைச் சொன்னேன், ஆகர் இறங்கினதைச் சொன்னேன். "எம்மா, அந்த ரிப்போர்ட்ட மட்டும் தொட்டுறாத. நீ கையெழுத்துப் போட்டது அப்படியே கெடக்கட்டும். நான் பாத்துக்கிடுதேன்" என்றாய். ஓலையை வெட்டிப் போட்டு மூடச் சொன்ன என் குரலைத்தான் அதில் கேட்டேன். உன்மேல் கோபம் வரவில்லை.

வருகிற திங்கட்கிழமை மனுக் கொடுக்கிற நாள். கலெக்டர் ஆபீசுக்குப் போய், ஏழாம் குழியின் கடைசி ஐந்தடியை நான் பார்க்காமல் எழுதினேன் என்றும், இப்போது பார்த்தது இது என்றும் எழுதிக் கொடுக்கப் போகிறேன். காகிதம் தயாராக இருக்கிறது. அதில் குளத்தில் தண்ணீர் விட்டது யார் என்ற கேள்வி வரும், நான் மறைக்க மாட்டேன். உன் வேலை போகலாம். என் பென்ஷனில் கை வைக்கலாம். தெருவில் பேசுவார்கள். ஜெனி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம். பெற்ற பிள்ளையைக் காட்டிக் கொடுத்தவள் என்று நீயே சொல்லலாம், சொல்லிக்கொள். எனக்கு முன்னால் நீ போய்ச் சொன்னால் அதைவிடச் சந்தோஷம் எனக்கு வேறில்லை. இந்தத் தடவை நீயாக வந்து "நான்தான்" என்று சொன்னால் உன்னை அடிக்க யார் வந்தாலும் நடுவில் நான் நிற்பேன்.

ஆனால் திங்கட்கிழமை வரை அந்தத் தரை காத்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. செவ்வாய்க்கிழமையே ஷெட்டுக்குப் போய் அந்த ஆறு பேரிடமும் சொன்னேன். ஒருத்தன் சோறு வடித்துக்கொண்டிருந்தான், ஒருத்தன் ஊரில் இருக்கிற பெண்டாட்டியோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தான். எனக்குத் தெரிந்த இந்தியிலும் தமிழிலும் கையைக் காட்டிக் காட்டிச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டார்கள், நாற்காலி போட்டார்கள், டீ கொடுத்தார்கள். "சார் சொல்லணும் அம்மா. சார் சொன்னா போறோம்" என்றார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. எவளோ ஒரு கிழவி மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வந்து ஓடச் சொன்னால் யார் ஓடுவார்கள்? நேற்று மறுபடியும் போனேன். ஷெட்டின் சிமெண்டுத் தரையில், கதவில் இருந்து சுவர் வரை, நான் செவ்வாய்க்கிழமை பார்க்காத ஒரு விரிசல் ஓடியிருக்கிறது. அதன்மேல் பாயைப் போட்டு ஒருத்தன் தூங்கிக்கொண்டிருந்தான். இந்த முறையும் அதே பதில்தான்.

அவர்கள் உன் வார்த்தைக்குத்தான் அசைவார்கள், நீயோ என் போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். யோசித்துப் பார்த்தேன், எனக்கு வேறு வழி தெரியவில்லை. இந்தக் காகிதத்தைக் காலையில் ஜெனியிடம் கொடுத்துவிட்டு, நீ சாப்பிட வரும்போது கையில் தரச் சொல்லிவிட்டு, அப்படியே பஸ் ஏறுகிறேன். மாத்திரையும் ஒரு மாற்றுச்சேலையும் எடுத்து வைத்திருக்கிறேன். நீ இந்த வரியைப் படிக்கும்போது நான் அந்த ஷெட்டுக்குள் அவர்களோடு உட்கார்ந்திருப்பேன். நீ வந்து ஆறு பேரையும் வெளியே வரச் சொல்லு. அவர்கள் எல்லாரும் வந்த பிறகு நான் வருகிறேன்.

அம்மா